பட்டத்தில் இல்லாத பெயர்கள்

மதுரையிலிருந்து தேனி சாலையில் போகிறவர்கள் நாகமலைப் புதுக்கோட்டையில் தெற்கே திரும்பினால் கீழக்குயில்குடி வந்துவிடும். தாமரைக்குளம், ஆலமரம், அய்யனார் கோயில், அவற்றுக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் சமணர் மலை. திரும்பாமல் நேரே போனால் மதுரை காமராசர் பல்கலைக்கழகம். தெ.பொ.மீனாட்சிசுந்தரனாரை முதல் துணைவேந்தராகக் கொண்டு 1966இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகம், 1978இல் காமராசரின் பெயரை ஏற்றது. பள்ளிப் படிப்பையே முடிக்க வாய்க்காத ஒருவரின் பெயர், தென்மாவட்டத்துப் பட்டதாரிகள் எத்தனையோ பேரின் சான்றிதழில் முத்திரையாக இருக்கிறது. தனக்குக் கிடைக்காததைப் பிறருக்குக் கிடைக்கச் செய்தவரின் பெயர் அங்கே இருப்பது மிகவும் பொருத்தம் என்று எனக்குத் தோன்றும். படிப்பின் உச்சத்தில் நிற்கும் நாளில் ஒரு பிள்ளையின் கண்ணில் படவேண்டிய பெயர் அதுதான்.

ஆனால் நான் எழுத வந்தது வேறொரு பெயரைப் பற்றி. அது மலைமேல் இருக்கிறது.

பாறையில் வெட்டிய படிகளில் ஏறினால் பேச்சிப்பள்ளம் என்ற இடம் வரும். ஒரு சுனை. அதை ஒட்டிய பாறை முகத்தில் தீர்த்தங்கரர்களின் புடைப்புச் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன. நாகம் குடைபிடிக்க நிற்கும் பார்சுவநாதரை யாரும் எளிதில் அடையாளம் காணலாம். சிற்பங்களின் கீழே வட்டெழுத்தில் சில வரிகள் உண்டு. கி.பி. ஒன்பது, பத்தாம் நூற்றாண்டு எழுத்து. அவற்றில் ஒன்று, அந்தத் திருமேனியைச் செய்வித்தவர் அச்சணந்தி என்பவரின் தாயார் குணமதியார் என்று சொல்கிறது. அவ்வளவுதான் செய்தி. ஊர் இல்லை, குலம் இல்லை, கணவர் பெயர் இல்லை. இன்னாரின் தாயார், இன்ன பெயர், இதைச் செய்வித்தார். ஆயிரம் ஆண்டுக்கு மேலாக வெயிலும் மழையும் பட்டும் அந்தப் பெயர் அழியவில்லை.

அச்சணந்தி அந்தக் காலத்தில் பாண்டிய நாடெங்கும் மலை மலையாகச் சென்று சமண அறத்தைப் பரப்பிய ஆசிரியர். பல மலைகளில் அவர் பெயர் இருக்கிறது. அவரைப் பற்றி அறிஞர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். தாயாரைப் பற்றி நமக்குத் தெரிந்தது இந்த ஒரு வரி மட்டும். எனக்கோ ஒவ்வொரு ஆண்டும் பட்டமளிப்பு விழாக் காலம் வந்தால் மகனை விடத் தாயின் நினைவே முதலில் வருகிறது.

நகரத்துக் கல்லூரி ஒன்றின் பட்டமளிப்பு விழா முடிந்த ஒரு மதியம், பேருந்து நிறுத்தத்தின் நிழலில் ஒரு தாயும் மகனும் நின்றிருந்தார்கள். மகன் கறுப்புக் கவுனைக் கழற்றிக் கையில் மடித்து வைத்திருந்தான். வாடகைக் கவுன், மாலைக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்த அம்மா உள்ளங்கைகளை முந்தானையில் இரண்டு முறை துடைத்துக்கொண்ட பிறகுதான் சான்றிதழை வாங்கினார். பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த காகிதத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

“இதுல அப்பா பேரு எங்கப்பா இருக்கு?”

“அப்பா பேரெல்லாம் போட மாட்டாங்கம்மா. இந்தா, எம் பேருக்கு முன்னாடி ஒரு எழுத்து இருக்குல்ல, அதான் அப்பா.”

அவர் அந்த எழுத்தின் மேல் விரலை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. பிறகு, “சரி, இருக்காரு” என்று சொல்லிவிட்டு உறையை மகனிடமே கொடுத்தார். தன் பெயர் எங்கே என்று அவர் கேட்கவில்லை. கேட்கத் தோன்றியிருக்கும் என்றும் நான் நினைக்கவில்லை.

ஒரு மனிதரின் உழைப்பு முழுவதும் ஓர் எழுத்தாகச் சுருங்கியிருக்கிறது; இன்னொருவரின் உழைப்பு அந்த அளவுக்குக்கூட ஏட்டில் ஏறவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. தேர்வு எழுதியவருக்கே பட்டம். சான்றிதழில் அவர் பெயர்தான் இருக்க முடியும். ஆனால் ஏட்டில் இல்லாத பெயர்களை எங்கே வைப்பது என்று அந்தப் பிள்ளைக்கு யாராவது சொல்லித்தர வேண்டாமா? கல்வியின் கடைசிப் பாடம் அதுவாக இருக்கலாம். அந்தப் பாடம் சமணர் மலையில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

துறவு பூண்ட மகனுக்குத் தாய் உண்டா? வீட்டை, உறவை, பெயரை எல்லாம் விட்டுத்தான் ஒருவர் துறவியாகிறார். குணமதியார் மகனை விட்டுக்கொடுத்த தாய். அவர் செய்வித்ததும் மகனின் உருவத்தை அன்று, மகன் வணங்கிய அருகனின் திருமேனியை. ‘என் பிள்ளை’ என்று இழுத்துக்கொள்ளாமல், பிள்ளை எந்தத் திசையில் நடந்ததோ அந்தத் திசையை அவரும் தொழுதிருக்கிறார். இதைவிடப் பெரிய பற்றும் இல்லை, இதைவிடப் பெரிய துறவும் இல்லை. உசிலம்பட்டியிலிருந்தும் பேரையூரிலிருந்தும் மேலூரிலிருந்தும் பிள்ளைகளைக் கொண்டுவந்து மதுரை விடுதிகளில் சேர்த்துவிட்டு, பேருந்தின் ஜன்னலோரம் உட்கார்ந்து வெறும் பையோடு திரும்பிய தாய்மார்கள் இந்தத் துறவைக் கொஞ்சமாவது அறிவார்கள். தாங்கள் வாசிக்க முடியாத புத்தகத்தைப் பிள்ளை வாசிக்க வேண்டும், தாங்கள் புரிந்துகொள்ள முடியாத வேலைக்குப் பிள்ளை போக வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள் அவர்கள். பிள்ளை தன்னைவிட்டுத் தொலைவாகப் போவதற்கே பாடுபட்ட அன்பு அது.

அதே மலையின் மறுபக்கம் செட்டிப்புடவு என்ற குகை. அதன் முகப்பில் பெரிய தீர்த்தங்கரர் அமர்ந்திருக்கிறார். மனம் கலங்கிய நாளில் அந்த முகத்தின் முன் சற்று நேரம் உட்கார்ந்தால் மூச்சு தானாகச் சீராகும். அங்கும் கல்வெட்டு உண்டு. வெண்புநாட்டுக் குரண்டியில் அந்நாளில் புகழ்பெற்றிருந்த திருக்காட்டாம்பள்ளியின் ஆசிரியர், அவர் மாணாக்கர், அந்த மாணாக்கரின் மாணாக்கர் என்று சங்கிலியாகப் பெயர்கள் போகும்.  யாரும் தனியாக நிற்கவில்லை. ஒருவர் தன்னை இன்னார் என்று சொல்லிக்கொள்ளும்போதே தனக்குக் கற்றுத்தந்தவரையும் சேர்த்துச் சொல்கிறார். வாங்கிய பட்டத்தையோ எழுதிய நூலையோ அந்தக் கல் சொல்லவில்லை. யாரிடம் படித்தார் என்பதே ஒருவருக்கு முகவரியாக இருந்திருக்கிறது.

வடக்கே அழகர்மலைக்குப் போனால் இன்னும் ஆயிரம் ஆண்டு பின்னோக்கிப் போகலாம். கிடாரிப்பட்டிப் பக்கமுள்ள குகையில் துறவியர் படுக்க வெட்டிய கற்படுக்கைகளும், கொடுத்தவர்களின் பெயர்களைச் சொல்லும் தமிழ்ப் பிராமி எழுத்துகளும் இருக்கின்றன. பெயர்களோடு தொழிலும் இருக்கிறது. மதுரைப் பொற்கொல்லர் ஒருவர். உப்பு விற்பவர், வெல்லப்பாகு விற்பவர், கொழு விற்பவர், துணி விற்பவர். இவர்கள் பெரிய அரசர்கள் அல்லர். அன்றைய மதுரைக் கடைத்தெருவின் மனிதர்கள். கற்றவர்கள் மழையில் நனையாமல் படுக்கத் தங்கள் வரும்படியில் ஒரு பங்கை எடுத்து வைத்தார்கள். அந்தக் கடைத்தெரு இன்றும் இருக்கிறது. கீழமாசி வீதி மளிகைக் கடைகளில் கணக்கு எழுதிக்கொண்டே தபாலில் படித்தவர்கள், ‘தீபாவளிக்கு வரலைன்னா பரவாயில்ல, பரீட்சையப் பாரு’ என்று சொன்ன முதலாளிகள், பூச்சந்தையில் விடியுமுன் மல்லிகைப்பூ வியாபாரத்தை முடித்துவிட்டு மகளைக் கல்லூரிப் பேருந்தில் ஏற்றிவிட்ட தந்தையர் என்று அந்த வரிசை அறுபடாமல் வந்துகொண்டுதான் இருக்கிறது. யாரும் பாறையில் எழுதி வைக்கவில்லை என்பதுதான் வேறுபாடு.

சமண அறம் நான்கு கொடைகளைச் சேர்த்துச் சொல்லும். உணவு, அடைக்கலம், மருந்து, கல்வி. கல்வியைத் தனியாகக் கொடுக்க முடியாது என்று தெரிந்தவர்களின் வரிசை இது. பசித்தவனுக்கு எழுத்து ஏறாது; பயந்தவனுக்குப் பாடம் நிற்காது. தமிழ்நாட்டின் கல்விக் கதையும் இதுவே. காமராசர் 1956இல் பள்ளிகளில் மதிய உணவைக் கொண்டுவந்தார், எம்.ஜி.ஆர். 1982இல் அதைச் சத்துணவாக விரித்தார். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது இதே மதுரையில்தான். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் அதே மாதம் வந்தது. திட்டங்களைப் புகழ்வதற்காக இவற்றைச் சொல்லவில்லை. இன்று கவுன் போட்டுப் படம் எடுத்துக்கொள்ளும் பிள்ளைகளில் பலர், பல தலைமுறைகளாகச் சோற்றுக்கும் எழுத்துக்கும் இடையே போடப்பட்டு வந்த பாலத்தின் மேல் நடந்து வந்தவர்கள். சத்துணவுக் கூடத்தில் முட்டையை உரித்துக் கொடுத்த ஆயாவின் பெயர் அவர்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறதோ.

மலையிலிருந்து இறங்கிக் கீழக்குயில்குடிக்கே வருவோம். இந்த ஊரின் கதையைச் சொல்லாமல் மன உறுதியைப் பற்றி மதுரையில் பேச முடியாது. ஒரு சமூகத்தில் பிறந்தவர்கள் எல்லோருமே குற்றவாளிகள் என்று முத்திரை குத்திய ஆங்கிலேயரின் குற்றப்பரம்பரைச் சட்டம், மதுரை வட்டாரத்தில் பிறமலைக் கள்ளர் மீது முதலில் பாய்ந்தது 1914இல் இந்த ஊரில்தான். ஊர் மக்கள் அதை ரேகைச் சட்டம் என்பார்கள். ஆண்களின் கைரேகை பதிவு செய்யப்பட்டது. இரவானால் காவலர் முன் ஆஜராக வேண்டும். வெளியூர் போகச் சீட்டு வாங்க வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் இதை எதிர்த்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து 16 பேர் உயிரிழந்தார்கள். மாயக்காள் என்ற பெண்ணும் அவர்களில் ஒருவர். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது 1947இல்.

அந்த இருட்டின் நடுவிலும் பள்ளிகள் எழும்பின. கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் என்ற பெயரில் அவை மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் நடக்கின்றன. சட்டம் கொடியது, சந்தேகமே இல்லை. ஆனாலும் கிடைத்த பள்ளியை அந்த மக்கள் விடாமல் பற்றிக்கொண்டார்கள். ரேகை வைத்த பாட்டனின் கொள்ளுப்பேத்தி இன்று பேராசிரியராகவும் மருத்துவராகவும் கையெழுத்துப் போடுகிறாள். அதற்கு நூறு ஆண்டுதான் ஆகியிருக்கிறது. ஊருக்கு மேலே பாறையில் குணமதியாரின் பெயர். ஊருக்குள் காவல் நிலையப் பதிவேட்டில் ஏறிய பாட்டனின் பெருவிரல். இரண்டும் ஒரே காற்றில் இருந்தவை. ஒரு பெயரை மனிதர்கள் வணக்கத்தோடு எழுதினார்கள். இன்னொரு பெயரை எழுதத் தகாததாக நினைத்து ரேகையோடு நிறுத்தினார்கள். அந்த ஊரில் ஒரு பிள்ளை பட்டம் வாங்கிவருகிற நாளை நான் சாதாரண நாளாக நினைப்பதில்லை. தன் ஊரின் வரலாறு தெரிந்து அந்தப் பிள்ளை சான்றிதழைத் தொட்டால், அந்தத் தொடுகை வழிபாட்டுக்குக் குறைந்தது அன்று.

கரோனா ஆண்டுகளில் படித்துப் பட்டம் பெற்றவர்களும் ஒரு சோதனையைக் கடந்தவர்கள்தான். 2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடியபோது, வீட்டில் இருந்த ஒரே செல்பேசியை அண்ணனும் தங்கையும் நேரம் பிரித்துக்கொண்டு பாடம் கேட்டார்கள். சிக்னலுக்காக மொட்டைமாடியிலும் கண்மாய்க் கரையிலும் உட்கார்ந்தார்கள். சிலர் அந்த இடைவெளியில் கொத்தனாருக்குச் சித்தாளாகப் போய், திரும்பிவந்து படிப்பை முடித்தார்கள். அரியர் வைத்தவர்கள் ஒவ்வொன்றாக எழுதி முடித்தார்கள். அரியர் வைத்து முடித்த பட்டத்தை ஒரு படி கீழாகப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. விழுந்த பாடத்தின் முன்னால் மறுபடி போய் உட்கார்வதற்கு வேண்டிய மனப்பக்குவம், முதல் வகுப்பில் தேறுவதற்கு வேண்டியதைவிடச் சிறியதல்ல. நோன்பு முறிந்தவர் மறுநாள் திரும்பவும் நோன்பைத் தொடங்குவதை எல்லாச் சமயங்களும் மதிக்கின்றன.

நகரின் வடகிழக்கே யானைமலை. அதன் அடிவாரத்தில்தான் 1965இல் தொடங்கிய வேளாண்மைக் கல்லூரியும் இருக்கிறது. அந்த மலையிலும் தீர்த்தங்கரர் சிற்பங்கள் உண்டு. ஒன்றைச் செய்வித்தவர் அச்சணந்தி. குணமதியாரின் மகனான அதே அச்சணந்திதான் இவர் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மேற்கு மலையில் தாய், கிழக்கு மலையில் மகன், நடுவே முழு மதுரை. யானைமலைத் திருமேனியைக் காக்கும் பொறுப்பை நரசிங்கமங்கலத்துச் சபையார் ஏற்றதாகக் கல்வெட்டு சொல்கிறது. நரசிங்கப் பெருமாள் கோயில் கொண்ட ஊரின் சபையார் அவர்கள். வேறு சமயத்து ஆசிரியர் ஒருவரின் நற்செயலைத் தங்கள் காவலில் எடுத்துக்கொண்டார்கள். கற்றவரைத் தாங்க ஊர் கூடும்போது யார் எந்தக் கோயிலுக்குப் போகிறார் என்ற கேள்வி எழவே இல்லை.

அதே யானைமலையின் பக்கத்தில் யா.கொடிக்குளம் என்ற ஊர். கனரா வங்கியில் பணியாற்றிய ஆயி அம்மாள் என்கிற பூரணம், அந்த ஊரின் நடுநிலைப் பள்ளி உயர்நிலைப் பள்ளியாக வளரவேண்டும் என்பதற்காக 2024 ஜனவரியில் தம் நிலம் 1 ஏக்கர் 52 சென்ட்டை அரசுக்கு எழுதிக்கொடுத்தார். கோடிக்கணக்கில் விலை போகும் நிலம். மறைந்த மகள் ஜனனியின் பெயரைப் பள்ளிக்கு வைக்கவேண்டும் என்பதே அவர் கேட்டது. அந்த ஆண்டுக் குடியரசு நாளில் தமிழக முதல்வர் அவருக்குச் சிறப்பு விருது அளித்தார். செய்தியைப் படித்த அன்று எனக்குக் குணமதியார்தான் நினைவுக்கு வந்தார். அவர் மகனின் வழியில் ஒரு திருமேனியைச் செய்வித்தார். இவர் மகளின் பெயரில் வகுப்பறைகளுக்கு இடம் கொடுத்தார். துயரத்தைத் தனக்குள் பூட்டி வைக்காமல், ஊர்ப் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கும் இடமாக அதை மாற்றிய மனம் எப்படிப்பட்டது என்று நான் பலநாள் யோசித்திருக்கிறேன். துறவிகள் தேடிப்போகும் விடுதலைக்கு அந்த மனம் வெகு அருகில் நிற்கிறது.

பட்டம் வாங்கிய பிள்ளைகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. படம் எடுத்து, இனிப்புக் கொடுத்து, வாழ்த்தெல்லாம் ஓய்ந்த பிறகு ஒரு நாள் அதிகாலையில் தனியாக உட்காருங்கள். மலைக்குப் போக முடிந்தால் நல்லது. வீட்டுத் திண்ணை என்றாலும் போதும். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றாம் வகுப்பிலிருந்து தொடங்குங்கள். கையைப் பிடித்து ‘அ’ எழுதவைத்தவர், கட்டணத்துக்குத் தவணை கொடுத்த அலுவலக எழுத்தர், இரவில் பாடம் சொல்லித்தந்த விடுதித் தோழன், சில்லறை இல்லாத நாளில் ‘ஏறும்மா, நாளைக்குக் கொடு’ என்ற நடத்துநர், காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்த அத்தை. ஒவ்வொரு முகமாக வரட்டும். பெயர் தெரிந்தவர்களை மனதுக்குள் பெயர் சொல்லி அழையுங்கள். பெயர் தெரியாதவர்கள் வந்தால் அவர்கள் முகத்தின் முன் ஒரு மூச்சு நின்று போங்கள். அவசரம் வேண்டாம். பிரார்த்தனை என்று இதைச் சொன்னாலும் சரி, தியானம் என்றாலும் சரி. இதைச் செய்து முடிப்பவர்களுக்குப் பட்டத்தின் கனம் ஒருபக்கம் கூடும், அதைச் சுமக்கும் தலைக்கனம் மறுபக்கம் குறையும்.

அந்த முகங்களில் ஒன்று பல வீடுகளில் அக்காவினுடையதாக இருக்கும். தம்பி படிக்கட்டும் என்று பிளஸ் டூவோடு நிறுத்திக்கொண்டு, நூற்பாலைக்கோ ஜவுளிக்கடைக்கோ வேலைக்குப் போனவள். அவள் பெயரை நினைப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். நன்றி கண்களை நனைத்துவிட்டு ஓய்ந்துபோவதில் எனக்கு நிறைவில்லை. 2002இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கலாம், வயது ஒரு தடையே இல்லை. “இனிமேப்பட்டு எனக்கு எதுக்குடா” என்று அவள் முதலில் சொல்வாள். முதல் மாதச் சம்பளம் வந்ததும் விண்ணப்பத்தை நீங்களே நிரப்பிக்கொண்டு போய் அவள் முன் வையுங்கள். பெயர் எழுதும் இடத்தை மட்டும் அவளுக்கு விட்டுவைத்து, பேனாவைக் கொடுங்கள்.